‘திரும்பவில்லை’ என்னும் சொல்



தகுதி வழக்கை நன்னூலார் மூன்றாகப் பகுப்பார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. மாணவப் பருவத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்பட்டுப் பின்னர் மறக்கப்படும் இந்தப் பகுதி, ஓர் அயல்நாட்டுப் படையின் வரலாற்றைப் படிப்பதற்குத் திறவுகோல் ஆகக்கூடும் என்று எவரும் எதிர்பார்த்திரார். மங்கலமும் குழூஉக்குறியும் ஒன்றோடொன்று கலந்து, ஏறத்தாழ ஆறாண்டுக் காலம் ஒரு படையை நடத்திச் சென்ற வரலாறு ஒன்று உண்டு. 1939 முதல் 1945 வரை நடந்த போரில், பிரித்தானிய வான்படையின் ஒரு பிரிவாக இருந்து ஜெர்மனியின் மீது குண்டு வீசிய ‘பாம்பர் கமாண்ட்’ என்னும் குண்டுவீச்சுப் படையின் வரலாறு அது.

அப்படையின் விமானத்தளங்களில் செயலறைச் சுவரில் பெரியதொரு கரும்பலகை இருக்கும். விமானத்தின் அடையாள எழுத்து, விமானியின் பெயர், புறப்பட்ட நேரம், தரையிறங்கிய நேரம் என்று அதில் கட்டங்கள் வரையப்பட்டிருக்கும். மாலையில் மூன்று கட்டங்கள் நிரம்பும். நள்ளிரவுக்குப் பின் நான்காவது கட்டம் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கும். சில கட்டங்கள் நிரம்பா. விமானத்தில் ஊற்றிய பெட்ரோல் எத்தனை மணிக்குத் தீரும் என்பது அறையில் இருப்போர் அனைவருக்கும் தெரியும். அந்த நேரமும் கடந்தபின், பதிவேட்டில் அவ்விமானத்திற்கு நேரே ஒரே வாசகம் எழுதப்படும். ‘திரும்பவில்லை.’

ஆங்கில வாசகத்தை உள்ளபடியே பெயர்த்தால் ‘திரும்பி வரத் தவறியது’ என்றாகும். தவறியது எது, தவறு எவருடையது என்று சொல்லாய்வு செய்யும் கவிஞர் கேட்கலாம். எழுதிய எழுத்தர் அவ்வாறு கேட்டிருக்க இயலாது. விமானம் எரிந்ததா, கடலில் விழுந்ததா, ஆட்கள் பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டனரா என்பது அந்த வைகறையில் எவருக்கும் தெரியாது. அறிந்ததை மட்டும் எழுதிய நேர்மையான சொல் என்றே அதைக் கொள்ளலாம். ஆனால் அந்த நேர்மையே நாளடைவில் ஒரு திரையாகவும் ஆயிற்று. வீரர் குடியிருப்புகளில் வழங்கிய பேச்சு இன்னும் ஒரு படி மேலே சென்றது. இறந்தவனைப் ‘பர்ட்டன் குடிக்கப் போய்விட்டான்’ என்றார்கள். பர்ட்டன் என்பது ஒருவகை பீர் என்பர். ‘வாங்கிவிட்டான்’ என்றார்கள். ‘வெட்டு விழுந்தது’ என்றார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் தமக்குள் ஆக்கிக்கொண்ட இக்குழூஉக்குறியில் இறப்பு என்னும் சொல்லுக்கு இடமில்லை.

ஏன் இல்லை என்பதை உணர, அவ்விழப்பின் அளவை அறிதல் வேண்டும். பாம்பர் கமாண்டில் விமானக் குழுவினராகப் பணியாற்றியோர் ஏறத்தாழ 1,25,000 பேர். அனைவரும் தாமாக முன்வந்தோர். இவர்களுள் உயிரிழந்தோர் 55,573 பேர் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த கணக்கு. நூற்றுக்கு நாற்பத்து நான்கு. பின்னாளைய ஆய்வு இத்தொகையை ஏறத்தாழ 58,000 வரை உயர்த்தியுள்ளது. சிறைப்பட்டோர் 9,838 பேர். காயமுற்றோர் 8,403 பேர். மாண்டோரைவிடக் காயமுற்றோர் மிகக் குறைவு என்பது தரைப்படைப் போரில் காணவியலாத விந்தை. இருபதாயிரம் அடி உயரத்தில் எரியும் விமானத்திலிருந்து காயத்தோடு மீள்வது அரிது என்பதே அதன் பொருள். மாண்டோரில் பிரித்தானியர் மட்டுமல்லர். கனடாவிலிருந்து வந்தோர் ஏறத்தாழ 10,000 பேர், ஆஸ்திரேலியாவிலிருந்து 4,000 பேருக்கு மேல், நியூசிலாந்து, போலந்து முதலிய நாட்டவர் பலர். எதிரியைக் காணாமலே, பயிற்சிப் பறப்பில் மடிந்தோர் மட்டும் 5,000 பேருக்கு மேல்.

போர் தொடங்கியபோது இப்படை பகலில் பறந்தது. 1939 டிசம்பர் 18 அன்று ஹெலிகோலாந்து வளைகுடாவின் மீது சென்ற 22 வெலிங்டன் விமானங்களில் 12 திரும்பவில்லை. அதன்பின் இரவே துணை என்று முடிவாயிற்று. இரவு விமானத்தை மறைத்தது, இலக்கையும் மறைத்துவிட்டது. 1941இல் படங்களை ஆராய்ந்த பட் அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களுள் மூன்றில் ஒன்றே இலக்குக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் சென்றிருந்தது என்று காட்டிற்று. தொழிற்சாலையைக் காண இயலாவிடில் நகரத்தைக் காணலாம் என்னும் முடிவு 1942 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. அதே மாதத்தில் ஆர்தர் ஹாரிஸ் தலைமை ஏற்றார். நான்கு எஞ்சின் பூட்டிய ஸ்டர்லிங், ஹாலிஃபாக்ஸ், லங்காஸ்டர் விமானங்கள் நூற்றுக்கணக்கில் ஒரே இரவில் ஒரே நகரின்மீது செல்லலாயின.

ஒரு விமானத்தில் ஏழு பேர். விமானி, பொறியாளர், வழி கணிப்பவர், குண்டுக்கு இலக்குப் பார்ப்பவர், கம்பியில்லாத் தந்தியை இயக்குபவர், முதுகுப்புறத் துப்பாக்கியர், வால்புறத் துப்பாக்கியர். இவர்களை எவரும் பிரித்துச் சேர்க்கவில்லை. பயிற்சிக் காலத்தில் பெரியதொரு கூடத்தில் அனைவரையும் விட்டு, நீங்களே குழு அமைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது வழக்கம். ஓர் ஆஸ்திரேலிய ஆட்டுப்பண்ணைக்காரரும் கிளாஸ்கோ நகரத்து எழுத்தரும் முகம் பார்த்துக் கைகுலுக்கிக்கொண்டு ஒரே விமானத்திற்கு உரியவராவர். பெரும்பாலும் சேர்ந்தே மாண்டனர்.

முப்பது தாக்குதல் பறப்புகள் முடித்தால் ஒரு சுற்று முடிந்ததாகக் கொண்டு ஓய்வு தருவர். ஒவ்வோர் இரவும் நூற்றுக்கு நான்கு விமானங்கள் இழப்பு என்று தலைமையகம் எழுதும். நான்கு என்பது காதுக்குச் சிறிய எண். அதனை முப்பது முறை அடுக்கிப் பார்த்தால், நூறு குழுக்களில் சுற்றை முடிப்பவை இருபத்தொன்பது. இழப்பு ஐந்தாக ஏறினால் முடிப்பவை இருபத்தொன்று. விழுக்காடும் ஒருவகை மங்கல வழக்கே எனலாம். பெருக்கிப் பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் அக்குழுக்களில் நிறைய இருந்தனர். வழி கணிப்பவனுக்குக் கணக்கே தொழில். அவன் அதைப் பெருக்காமல் விட்டான் என்று எண்ண இடமில்லை. பெருக்கியபின் பேசாமல் இருந்தான் என்பதே உண்மையாக இருக்கும்.

பேச்சும் மௌனமும் எவ்வளவு தூரம் கண்ணை மறைக்கும் என்பதற்கு ஒரு சொல் சான்றாகும். ஜெர்மனியின்மீது பறந்து மீண்டவர்கள் பலர், வானத்தில் திடீரென்று பெருந்தீப் பிழம்பொன்று வெடித்து, நிறம் நிறமாகச் சிதறி, எரிந்துகொண்டே விழக் கண்டதாக அறிக்கை அளித்தனர். குண்டுவீச்சு விமானம் ஒன்று வெடிப்பதைப்போலவே அது இருந்ததாம். பிரித்தானியரை அச்சுறுத்த எதிரி வேண்டுமென்றே ஏவும் ஒருவகைப் போலி வெடி அது என்னும் நம்பிக்கை பரவிற்று. அதற்கு ‘ஸ்கேர்குரோ’ என்று பெயரிட்டனர். கொல்லையில் பறவையை வெருட்ட நிறுத்தும் வெருளிப் பொம்மை என்பது பொருள். போர் முடிந்தபின் ஜெர்மானியரைக் கேட்டறிந்தபோது, அத்தகைய வெடி எதுவும் அவர்களிடம் இருந்ததே இல்லை என்று தெரிந்தது. விமானம் வெடிப்பதைப்போல் இருந்தது, விமானம் வெடித்ததுதான். ஏழு பேர் எரிவதைக் கண்ணால் கண்டு, அதற்குப் பொம்மை என்று பெயரிட்டு, மறுநாள் மீண்டும் பறந்தனர்.

அவ்வாறு வெடித்ததற்குக் காரணமும் பின்னரே விளங்கிற்று. 1943இன் பிற்பகுதி முதல் ஜெர்மானிய இரவுச் சண்டை விமானங்கள், மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகளோடு வந்தன. குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கு அடியில், எந்தத் துப்பாக்கியனின் கண்ணுக்கும் எட்டாத இருளில் புகுந்து, இறக்கையில் உள்ள பெட்ரோல் கலத்தை நோக்கிச் சுட்டன. ஜெர்மானியர் அதற்கு இட்ட குழூஉக்குறி ‘சாய்ந்த இசை’. ஜாஸ் இசையைக் குறிக்கவும் அந்நாளில் அவர்களிடம் வழங்கிய பெயர் அது. கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் இந்த ஒரு கலை பொதுவாக இருந்தது.

இழப்பை எண்ணிப் பார்ப்பதற்கென்றே தலைமையகத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1943இல் பத்தொன்பது வயதில் அதில் சேர்ந்த ஃப்ரீமன் டைசன், பிற்காலத்தில் புகழ்பெற்ற இயற்பியலறிஞரானார். 1979இல் வெளிவந்த தம் நூலில் அந்நாளைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள், போர்க்கால நினைவுரைகளுள் மிகவும் கசப்பானவை. அதனாலேயே மிகவும் நம்பத்தக்கவை. அனுபவம் மிகுந்த குழு பிழைத்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்று வீரர்க்குச் சொல்லப்பட்டது. அது உண்மையன்று என்று டைசனின் கணக்கு காட்டிற்று. புதியவரும் பழையவரும் ஒரே வீதத்தில் மாண்டனர். அதைத் தலைமை ஏற்க விரும்பவில்லை.

அவர் எழுதியவற்றுள் மறக்க இயலாத ஒரு செய்தி இரண்டு அங்குலம் பற்றியது. சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானங்களிலிருந்து பாதிப்பேர் உயிரோடு தப்பினர். ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங் விமானங்களிலிருந்து தப்பியோர் நாலில் ஒருவர். லங்காஸ்டரிலிருந்து தப்பியோர் நூற்றுக்குப் பதினைந்து பேர் மட்டுமே. லங்காஸ்டர் மற்ற எல்லா வகையிலும் சிறந்த விமானம். மிகுந்த எடை சுமந்தது. மிகுந்த உயரம் ஏறிற்று. 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. ஆனால் அதன் மூக்குப் பகுதியின் தரையில், குதித்துத் தப்புவதற்கென வைத்த திறப்பின் அகலம் 22 அங்குலம். ஹாலிஃபாக்ஸில் அது 24 அங்குலம். கனத்த பறப்பு உடையும், பாராசூட் கட்டும் அணிந்தவன், சுழன்று விழும் விமானத்தில், இருளில், அத்துளையைத் தேடிப் புகவேண்டும். டைசனின் அலுவலகத் தோழர் ஒருவர் அந்த இரண்டு அங்குலத்துக்காக ஈராண்டுகள் போராடினார். விரிந்த திறப்பு வழக்கத்துக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது என்று டைசன் எழுதுகிறார். தாக்குதலில் இழந்த லங்காஸ்டர்கள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல். ஏழாற் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்விழப்பின் உச்சம் 1944 மார்ச் 30ஆம் நாள் இரவு. அன்று நூரம்பெர்க் நகரை நோக்கி 795 விமானங்கள் சென்றன. வானத்தில் பாதி நிலா. நிலா வெளிச்சத்தில் அத்தகைய நெடும்பயணம் செல்வதில்லை என்பது வழக்கம். வழியில் மேகம் இருக்கும் என்னும் நம்பிக்கையில் வழக்கம் மீறப்பட்டது. மேகம் இல்லை. அதற்கு மாறாக, குளிர்ந்த வானில் விமானங்களின் பின்னே வெண்புகைக் கோடுகள் படிந்து, ஒவ்வொன்றும் எங்கே செல்கிறது என்பதை நிலவொளியில் எழுதிக் காட்டின. பெல்ஜியத்திலிருந்து கிழக்கே 250 மைலுக்கு மேல் வளைவில்லாத நேர்வழி. இரவுச் சண்டை விமானங்கள் அவ்வழியில் காத்திருந்தன. 95 விமானங்கள் திரும்பவில்லை. மாண்டோர் 545 பேர். 1940இல் பிரித்தானியப் போர் என்று புகழப்படும் வான்போரில், ஏறத்தாழ நான்கு மாதங்களில் உயிர்நீத்த சண்டை விமானிகளின் தொகையும் ஏறத்தாழ இதுவே. அவ்விமானிகளுக்குச் சர்ச்சிலின் புகழ்மொழி வாய்த்தது. நூரம்பெர்க் இரவுக்கு அப்படியொரு மொழி வாய்க்கவில்லை. நகருக்கு நேர்ந்த சேதமும் சிறிது. வழிதவறிய பல விமானங்கள் வேறொரு நகரின்மீது குண்டு வீசியிருந்தன.

அந்த இரவில் சிரில் பார்ட்டன் என்னும் விமானியின் ஹாலிஃபாக்ஸ் தாக்கப்பட்டு, உள்ளே ஒருவரோடொருவர் பேசும் கருவி செயலிழந்தது. விளக்கொளியால் செய்த சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு வழி கணிப்பவரும், இலக்குப் பார்ப்பவரும், தந்தி இயக்குபவரும் குதித்துவிட்டனர். ஒரு சொல் கேட்காமற்போனதால் குழு பாதியாயிற்று. எஞ்சிய மூவரோடு பார்ட்டன் இலக்குவரை சென்று, குண்டை வீசி, வழி சொல்ல ஆளில்லாமல், ஓர் எஞ்சின் இழந்த விமானத்தை விண்மீன்களையும் திசைகாட்டியையும் துணைக்கொண்டு இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைவரை கொண்டுவந்தார். ரைஹோப் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரின்மேல் பெட்ரோல் தீர்ந்தது. வீடுகளைத் தவிர்த்து விமானத்தை இறக்க முயன்று மாண்டார். உடனிருந்த மூவர் பிழைத்தனர். வேலைக்குச் சென்றுகொண்டிருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரும் உயிரிழந்தார். பார்ட்டனுக்கு வயது 22. விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த விருது, இறந்தபின் அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய விமானம் ஒருவகையில் திரும்பியது என்று சொல்லவேண்டும்.

திரும்பாதவரின் அறைக்கு விடிந்ததும் சிலர் வருவர். ‘சீர்செய் குழு’ என்பது அவர்களுக்கு இட்ட பெயர். இதுவும் ஒரு மங்கலம். கட்டிலைக் காலி செய்து, உடைமைகளைப் பட்டியலிடுவர். கடிதங்களையும் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பர். மனைவியைப் புண்படுத்தக்கூடிய கடிதம் ஏதும் இருப்பின் அதனை நீக்கிவிடுவர். எஞ்சியவை இலண்டனுக்கு மேற்கே கோன்புருக்கில் இருந்த கிடங்குக்குச் செல்லும். அன்று பிற்பகலே அக்கட்டிலுக்குப் புதியவன் ஒருவன் வந்துவிடக்கூடும். வீட்டுக்குத் தந்தி செல்லும். உங்கள் மகன் விமானத் தாக்குதலின் விளைவாகக் காணாமற்போனதாக அறிவிக்க வருந்துகிறோம் என்னும் கருத்துடையது அது. இறந்தார் என்று இராது. பொதுவாக ஆறு மாதம் கழித்து, இறந்ததாகக் கொள்ளப்படுகிறார் என்று இன்னொரு கடிதம் வரும். அந்த ஆறு மாதத்தில் தாய் எதைச் செய்வது? இரங்கலாமா, கூடாதா? தமிழில் கையறுநிலை என்னும் துறை உண்டு. இறந்தாரை அறிந்து, செயலற்று வருந்துவது அது. இறந்தாரா என்பதே அறியாமல் செயலற்று நிற்பதற்குத் துறை வகுத்தார் இல்லை.

வானொலிச் செய்தியின் இவ்வாசகத்தைத் தழுவியே 1942இல் பவல், பிரெஸ்பர்கர் இருவரும் எடுத்த திரைப்படத்துக்கு ‘நம் விமானங்களுள் ஒன்றைக் காணவில்லை’ என்று பெயரிடப்பட்டது. படத்தில் குழுவினர் தப்பி ஊர் சேர்கின்றனர். மக்கள் அதைக் காண விரும்பினர் என்பதில் வியப்பில்லை. 1941இல் இலண்டனில் விமானத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது, கடித உறையின் பின்புறத்தில் ஜான் பட்னி எழுதிய சிறு கவிதையும் அவ்வாறே மக்கள் நெஞ்சில் தங்கிற்று. இறந்த விமானிக்காக அழுது புலம்புவதைவிட அவன் பிள்ளைகளைப் பேணுவதே தக்கது என்னும் கருத்துடையது. 1945இல் வந்த திரைப்படம் ஒன்றில், மாண்ட விமானி எழுதிவைத்ததாக அக்கவிதை படிக்கப்படுகிறது. கவிதை நல்லதே. ஆயினும் அரசின் தந்தியும் அக்கவிதையும் ஒரே அடக்கத்தை வேண்டுகின்றன என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அடங்கியிருக்க இயலாமற்போனவருக்கும் ஒரு சொல் வைத்திருந்தனர். இனிப் பறக்க இயலாது என்று சொன்னவரின் பதிவேட்டில் ‘மனவுறுதிக் குறைவு’ என்று எழுதப்பட்டது. இருபது இரவுகள் பறந்து இருபத்தோராவது இரவில் கால் எழாமல் நின்றவனுக்கும் அப்பெயரே. மற்ற சொற்களெல்லாம் மறைத்தன. இது ஒன்றே சுட்டது.

இப்படையின் அணிகள் சிலவற்றின் பெயர்கள் தமிழர் வாழும் நிலங்களோடு தொடர்புடையவை என்பது பலரும் அறியாதது. போர் நிதிக்குக் கொடை அளித்த நாடுகளின் பெயரை அணிகளுக்குச் சூட்டுவது அந்நாளைய வழக்கம். 35ஆம் அணி சென்னை மாகாண அணி என்றும், 102ஆம் அணி இலங்கை அணி என்றும், 97ஆம் அணி நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அணி என்றும் பெயர் பெற்றன. ஹாலிஃபாக்ஸ் விமானத்தை முதன்முதலில் பெற்றது சென்னை மாகாண அணி. 1942இல் இலக்குக்கு ஒளி காட்டி முன்செல்லும் படையிலும் சேர்ந்தது. யார்க்ஷயரில் பாக்லிங்டன் தளத்திலிருந்து பறந்த இலங்கை அணி மிகக் கடும் இழப்புகளைக் கண்ட அணிகளுள் ஒன்று. 97ஆம் அணியின் கதை இன்னும் விந்தையானது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 17இல், இல்லாமற்போன அந்த ஆட்சிப்பகுதியின் பெயரைத் தாங்கிய ஆறு லங்காஸ்டர்கள், மற்றோர் அணியின் ஆறு விமானங்களோடு பட்டப்பகலில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்குப் பறந்தன. பன்னிரண்டில் ஏழு திரும்பவில்லை. 1943 டிசம்பர் 16 இரவில் பெர்லின் சென்று மீண்டபோது, மூடுபனியில் தளம் தெரியாமல் பெருமளவில் விமானங்களை இழந்ததும் இந்த அணியே. அன்றிரவு எதிரியால் வீழ்ந்தவை 25 விமானங்கள். தப்பி வந்து சொந்த மண்ணில் பனிமூட்டத்தில் நொறுங்கியோ கைவிடப்பட்டோ போனவை அதைவிட மிகுதி. கொடை அளித்தவர்க்குப் பறந்தவர் முகம் தெரியாது. பறந்தவர் பெரும்பாலோர்க்குச் சென்னை எத்திசை என்பதும் தெரிந்திராது.

இவ்விடத்தில் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்கில் எழுந்த தீப்புயலில் மாண்ட மக்கள் ஏறத்தாழ 37,000 பேர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் மாண்டோர் 25,000 பேர் வரை என்று அந்நகரம் அமைத்த வரலாற்றறிஞர் குழு 2010இல் முடிவு கூறிற்று. அவர்களுள் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் எண்ணற்றோர். போர் நடந்துகொண்டிருந்த 1944 பிப்ரவரியிலேயே, பிரபுக்கள் அவையில் எழுந்து இது தகுமா என்று கேட்ட ஆயர் ஜார்ஜ் பெல்லும், நூலெழுதிக் கேட்ட வேரா பிரிட்டனும் பிரிட்டனில் இருந்தனர். அரை நூற்றாண்டு கழித்து, 1997இல், டபிள்யூ. ஜி. சீபால்ட் சூரிச்சில் ஆற்றிய சொற்பொழிவுகளில், எரிந்த நகரங்களைப் பற்றி ஜெர்மானிய இலக்கியம் ஏன் வாய்திறக்கவில்லை என்று வினவினார். எரிக்கப்பட்டோர் தம் நாடு தொடங்கிய போரை எண்ணி வெட்கி மௌனம் காத்தனர். எரித்தோரின் நாடு, வென்றபின் அச்செயலை நினைக்கக் கூசி மௌனம் காத்தது. இரண்டு மௌனங்களுக்கும் நடுவே 55,573 பெயர்கள் கிடந்தன. அவர்களுக்காக அழுதால் ஹாம்பர்குக்குத் தீங்கிழைத்ததாகுமோ என்னும் தயக்கம் பொய்யான தயக்கமன்று. எளிதாகத் தீர்வதுமன்று.

மௌனம் காக்காமல் வேலை செய்த சிலர் இருந்தனர். போருக்குப் பின் வான்படையின் காணாமற்போனோர் தேடல் பணிப்பிரிவினர் ஐரோப்பாவின் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் ஊர் ஊராகச் சென்றனர். ஊர்ப் பாதிரியாரையும் கல்லறை காப்பவரையும் கேட்டனர். பெயரறியாமல் புதைத்த குழிகளைத் திறந்து, சட்டைக் கழுத்தில் இருந்த சலவைக் குறியையும், எஞ்சினில் இருந்த எண்ணையும், மோதிரத்தையும் வைத்து ஒவ்வொருவராகப் பெயர் கண்டனர். 1945இல் உலகெங்கும் காணாமற்போனவராகப் பதிவாகியிருந்த வான்படையினர் 41,881 பேர். 1950 முடிவதற்குள் 23,881 பேருக்குப் பெயர் எழுதிய கல்லறை கிடைத்தது. கடலில் மறைந்தோர் என்று உறுதியானோர் 9,281 பேர். புறநானூற்றுக் காலத்துத் தமிழர் வீழ்ந்தவனின் பெயரைக் கல்லில் பொறித்து நட்ட செயலுக்கு இணையான செயல் இது. இதைச் செய்தவர்கள் கையில் இருந்தவை மண்வெட்டியும் படிவமும் மட்டுமே. குழி கிடைக்காதோரின் பெயர்கள், இருபதாயிரத்துக்கு மேல், தேம்ஸ் ஆற்றை நோக்கிய ரன்னிமீட் குன்றின்மேல் உள்ள நினைவகத்தின் சுவர்களில் உள்ளன. அது 1953இல் திறக்கப்பட்டது.

பாம்பர் கமாண்டுக்கெனத் தனி நினைவகம் இலண்டன் கிரீன் பார்க்கில் எழுந்தது 2012 ஜூன் 28இல். போர் முடிந்து அறுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பறப்பு உடையோடு ஏழு வீரர் வெண்கலத்தில் நிற்கின்றனர். 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்வதாக அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. நினைவகத்தின் கூரைக்கு உள்வேயப்பட்ட அலுமினியம், 1944 மே மாதத்தில் பெல்ஜியச் சதுப்பு நிலத்தில் விழுந்த ஹாலிஃபாக்ஸ் ஒன்றினுடையது. 1997இல் அதை அகழ்ந்தபோது, மூன்று வீரரின் எச்சங்கள் விமானத்துக்குள்ளேயே இருந்தன. அவர்களுக்கு உரிய மரியாதையோடு அடக்கம் நடந்தது. லிங்கன் நகருக்கு வெளியே குன்றின்மேல் 2015இல் நிறுவப்பட்ட கோபுரத்தின் உயரம் 102 அடி. ஒரு லங்காஸ்டரின் இறக்கை அகலமும் அதுவே. அதைச் சூழ்ந்த சுவர்களில் ஏறத்தாழ 58,000 பெயர்கள்.

கரும்பலகையின் நான்காவது கட்டம் இன்னும் சில விமானங்களுக்கு மெல்ல நிரம்பிக்கொண்டிருக்கிறது. 1943 மார்ச் இறுதியில் பெர்லின் சென்ற 218ஆம் அணியின் ஸ்டர்லிங் ஒன்று திரும்பவில்லை. 2008இல் நெதர்லாந்தின் மார்க்கர் ஏரியில், பழுதான படகொன்றுக்கு உதவச் சென்றவர்களின் கையில் விமானச் சக்கரத்தின் பகுதியொன்று சிக்கிற்று. அது வேறொரு ஸ்டர்லிங் என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. ஏரியடியில் கிடைத்த ஒரு சிகரெட் பெட்டியில் மூன்று எழுத்துகள் பொறித்திருந்தன. அவை இன்னொரு விமானத்துக் குழுவில் இருந்த ஒருவரின் பெயரின் முதலெழுத்துகள். 2020இன் இலையுதிர் காலத்தில், ஏரியின் நடுவே இரும்புத் தகடுகளால் அணை கட்டி, நீரை இறைத்து, சேற்றைச் சல்லடையில் அலசி, அந்த ஏழு பேரைத் தேடினர்.